ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பின்னால் நிற்கும் மாடு: ஜெர்சி ரத்தம் எவ்வளவு கலந்தால் லாபம், எங்கே தொடங்குகிறது நஷ்டம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரம், அடுத்த நொடியே பால்கோவா. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் ராஜபாளையத்தின் பேரைச் சொன்னால் நாய்தான் நினைவுக்கு வரும். அந்த வெள்ளை நாய்க்கு 2005இல் தபால்தலையே வந்திருக்கிறது. ஆனால், இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் தோட்டத்துக் கொட்டில்களில் நின்று தினமும் காலையும் மாலையும் பால் கறக்கும் அந்தப் பழுப்பு நிற மாட்டுக்குத் தபால்தலையும் இல்லை, குறியீடும் இல்லை. ஊர்க்காரர்கள் அதை 'ஜெர்சி' என்கிறார்கள், 'சீமை மாடு' என்கிறார்கள், சிலர் 'சிந்து' என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்றும் முழு உண்மை இல்லை. அது கலப்பினம்.

இந்தக் கலப்பு எப்படி நடக்கிறது என்பது மாடு வளர்ப்பவருக்கு வெறும் அறிவியல் பாடம் இல்லை. இன்று போடும் ஒரு சினை ஊசியில் பிறக்கும் கிடேரி பால் கறக்க வரும்போது சுமார் மூன்றரை வருடம் ஓடியிருக்கும். தப்பான ஊசி என்று அப்போது தெரிந்தால், செலவழித்த தீவனமும் காலமும் திரும்பி வராது.

நாட்டு மாடு ஏன் குறைவாகக் கறக்கிறது?

இது நாட்டு மாட்டின் குறை இல்லை. யாரும் அதைப் பாலுக்காக வளர்க்கவில்லை என்பதுதான் விஷயம். காங்கேயம் வண்டிக்கும் ஏருக்கும் கமலைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம். உம்பளச்சேரி, டெல்டாவின் சேற்று வயலில் உழுவதற்கு. பர்கூர் மலைப்பாதைக்கு. தென் மாவட்டங்களின் புலிக்குளம் மாடு கிடை போடுவதற்கும் ஜல்லிக்கட்டுக்கும். அறுவடை முடிந்த நிலத்தில் ராத்திரி முழுக்க மந்தையை அடைத்துவைத்தால் சாணமும் கோமியமும் நேரடியாக மண்ணுக்குப் போகும், நிலத்துக்காரர் கிடைக்காரருக்குக் கூலி கொடுப்பார். இந்தப் பொருளாதாரத்தில் பால் என்பது கன்றுக்குப் போக மிச்சம் இருப்பது. பல தலைமுறையாக 'நல்லா இழுக்கிற காளை எது' என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், 'எந்தப் பசுவின் மகள் அதிகம் கறக்கிறாள்' என்று பார்க்கவில்லை.

ஜெர்சியின் கதை நேரெதிர். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் உள்ள ஜெர்சி என்ற குட்டித் தீவில், பாலையும் வெண்ணெயையும் மட்டுமே கணக்கில் வைத்து வளர்க்கப்பட்ட இனம் அது. கறுப்பு வெள்ளையாக இருக்கும் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன், நம்ம ஊர்ப் பேச்சில் 'எச்.எஃப்.', நெதர்லாந்து, வட ஜெர்மனி பக்கம் உருவானது. அங்கே கன்று ஈன்ற ஒவ்வொரு பசுவின் பாலும் நோட்டில் ஏறும். நல்ல தாயின் மகன்தான் பொலிகாளை ஆவான். வித்தியாசம் ரத்தத்தில் மட்டும் இல்லை, அந்த நோட்டிலும் இருக்கிறது.

பலன் என்ன? இந்தியாவில் சாதாரண நாட்டுப் பசு ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர். கலப்பினப் பசு சராசரியாக 8 லிட்டர் சுற்று. நன்றாகப் பராமரிக்கும் கொட்டிலில் அதற்கும் மேல். இந்த ஒரு கணக்குதான் கிராமங்களில் மாட்டின் நிறத்தையே மாற்றியது.

பாதிக்குப் பாதி, முக்கால், 62.5: இந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது?

கன்றுக்குத் தாயிடம் இருந்து பாதி, தகப்பனிடம் இருந்து பாதி. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் பிறப்பது 50 சதவீத ஜெர்சி. முதல் தலைமுறையான இந்தக் கன்றுதான் பெரும்பாலும் எல்லோரையும் அசத்துவது. தாயைவிட மூன்று மடங்கு கறக்கும், சீக்கிரம் சினைக்கு வரும், வெயிலையும் ஓரளவு தாங்கும். தூரமான இரண்டு இனங்கள் சேரும்போது முதல் தலைமுறையில் கூடுதலாகக் கிடைக்கும் இந்தத் தெம்பைக் 'கலப்பின வீரியம்' என்கிறார்கள்.

இங்கேதான் தவறு ஆரம்பிக்கும். "பாதி ஜெர்சியே இவ்வளவு கறக்குதுன்னா, முழு ஜெர்சி எவ்வளவு கறக்கும்?" என்று யாருக்கும் தோன்றும். அந்த 50 சதவீதப் பசுவுக்கு மறுபடி ஜெர்சி ஊசி போட்டால் 75. அதன் மகளுக்கும் அதுவே என்றால் 87.5. காகிதத்தில் பால் ஏறும். கொட்டிலில் நடப்பது வேறு. வெளிநாட்டு ரத்தம் ஏற ஏற, வெயிலைத் தாங்கும் சக்தியும் உண்ணிக் காய்ச்சலை எதிர்க்கும் சக்தியும் இறங்கும். தீவனத் தேவை கூடும். சினை பிடிக்காமல் இழுத்தடிக்கும். குளிர்ந்த கொட்டில், தினமும் பசுந்தீவனம், கூப்பிட்டதும் வரும் டாக்டர் எல்லாம் இருந்தால் 75 சதவீத மாடு லாபம்தான். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் ஓட்டுக் கொட்டிலில் கட்டினால் அதே மாடு மருந்துச் செலவுக் கணக்கு.

சரி, 50இலேயே நிறுத்திக்கொள்ளலாமா? 50 சதவீதப் பசுவுக்கு 50 சதவீதக் காளையின் ஊசி போட்டால் கன்றும் சராசரியாக 50தான். ஆனால், இரண்டாம் தலைமுறையில் சீட்டுக்கட்டு கலைந்துவிடும். ஒரு கன்று நன்றாகக் கறக்கும், இன்னொன்று பாட்டியைப் போலவே இருக்கும். முதல் தலைமுறையின் கூடுதல் தெம்பும் பாதியாகக் குறையும். அதனால், நல்ல பதிவுகளை வைத்துத் தேர்ந்தெடுத்த கலப்பினக் காளைகள் இல்லாமல் இந்த வழி சரிப்படாது.

இடையில் ஒரு புள்ளிதான் 62.5 சதவீதம், அதாவது எட்டில் ஐந்து பங்கு. 75 சதவீதப் பசுவையும் 50 சதவீதக் காளையையும் சேர்த்தால் இது வரும். ராணுவப் பண்ணைகளில் எச்.எஃப்.பையும் சாஹிவாலையும் சேர்த்து உருவாக்கிய 'ஃப்ரீஸ்வால்' இந்த அளவில் நிறுத்தப்பட்டதுதான். பிரேசிலின் ஜிரோலாண்டோவும் அப்படியே. அதன் எட்டில் மூன்று பங்கு நம்ம குஜராத்தின் கிர். இந்தியாவில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை 50க்குக் கீழே போகாதே, 62.5ஐத் தாண்டாதே என்பது.

ஆனால், ஒரு சாதாரண விவசாயியிடம் போய் "உங்க மாட்டுல எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? சந்தையில் ரெண்டாம் ஈத்துன்னு சொல்லி வாங்கியது, அவ்வளவுதான் தெரியும். கலப்பினத் திட்டத்தின் உண்மையான ஓட்டை இந்த இடம்தான். இனத்தைத் திட்டுபவர்களும் சரி, புகழ்பவர்களும் சரி, பதிவேட்டைப் பற்றிப் பேசுவது குறைவு.

பால்கோவாவுக்கு ஜெர்சி ஏன் பொருந்துகிறது?

தமிழ்நாட்டில் நீண்டகாலமாகச் சொல்லப்படும் வழி இது: சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களுக்கு எச்.எஃப். ஜெர்சி உடம்பு சின்னது, தீவனம் குறைவு, வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எச்.எஃப்.புக்கு வெப்பம் 25, 26 டிகிரியைத் தாண்டினாலே சிரமம் ஆரம்பித்துவிடும். இருந்தும் பால் அளவை மட்டும் பார்த்துச் சமவெளியிலும் பலர் எச்.எஃப். கலப்பினம் வாங்குகிறார்கள்.

பால்கோவா ஊரில் அளவு மட்டும் போதாது. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது போவது தண்ணீர், நிற்பது கொழுப்பும் புரதமும் பால் சர்க்கரையும். நல்ல எச்.எஃப். பாலில் மொத்தத் திடப்பொருள் 12 சதவீதம் சுற்று. ஜெர்சிப் பாலில் 14ஐத் தொடும். 10 லிட்டர் பாலைக் கடாயில் ஊற்றினால் முதலாவதில் மிஞ்சுவது சுமார் 1.24 கிலோ, இரண்டாவதில் 1.44 கிலோ. ஒவ்வொரு 10 லிட்டருக்கும் 200 கிராம் வித்தியாசம், அதே விறகுச் செலவில். சர்க்கரை சேர்ப்பது அதற்கு மேல். கலப்பினங்களில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனால் மறையாது. நாட்டுப் பசுவின் பாலும் கெட்டிதான், அடுப்பை நிரப்பும் அளவுக்குக் கிடைப்பதுதான் கஷ்டம்.

சொசைட்டியில் பால் ஊற்றுபவருக்கும் இது தெரியும். அங்கே லிட்டரோடு சேர்த்துக் கொழுப்பும் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்துத்தான் விலை. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32இல் இருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38. அளவு நிறைய இருந்து 'டிகிரி' குறைந்தால், பட்டுவாடா அன்று கையில் வருவது எதிர்பார்த்ததைவிடக் குறையும்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்த பரிசோதனை

ராஜபாளையத்தில் இருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரைத் தாண்டினால் கேரளம். அங்கே மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டியில் 1963இல் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் 'பிரவுன் சுவிஸ்' காளைகளை அந்த ஊர்ச் சாதாரண மாடுகளோடு சேர்த்தார்கள். சேர்த்ததோடு விடவில்லை. பிறந்த கலப்பினக் காளைகளை, அவற்றின் மகள்கள் விவசாயிகளின் வீட்டில் எவ்வளவு கறக்கிறார்கள் என்று அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் ஜெர்சி, எச்.எஃப். ரத்தமும் சேர்ந்தது. இப்படி உருவானதுதான் 'சுனந்தினி'. இன்றைக்கும் கேரள கால்நடை வளர்ச்சி வாரியம் அதைப் பராமரிக்கிறது. கலப்பினம் என்பதை ஒரு தடவை ஊசி போடுவதோடு முடிக்காமல், புது இனமாகவே வளர்த்தெடுத்ததற்கு நமக்கு மிகப் பக்கத்தில் உள்ள உதாரணம் இது.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கேரளத்தில் 1961இல் வந்த கால்நடை மேம்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத காளைகளுக்கு விதை நீக்கம் கட்டாயம். நாட்டுக் காளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சுமார் 90 செ.மீ. உயரமே உள்ள வெச்சூர் மாடு கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1989இல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப் தன் மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடி, மிச்சம் இருந்த சில மாடுகளைச் சேர்த்து அந்த இனத்தை மீட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சில மாடுகளும் கிடைக்காமல் போயிருந்தால் மீட்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

கலப்பினத்துக்கு ஒரு பக்கம் நாட்டு ரத்தம் வேண்டும். நாட்டு மாடே இல்லாமல் போனால் 75ஐ மறுபடி 50க்குக் கொண்டுவர எந்தக் காளையைத் தேடுவது?

வெயில், உண்ணி, தீவனம்: வாங்கும்போது சொல்லாத செலவு

நாட்டு மாட்டின் திமிலும் தொங்கும் அலைதாடியும் தளர்ந்த தோலும் அழகுக்கு மட்டும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் அதிகம், தோலின் பரப்பும் அதிகம், உடம்புச் சூட்டை எளிதாக வெளியேற்றும். மேல்மயிர் குட்டையாக இருப்பதால் உண்ணி ஒட்டுவதும் குறைவு. கலப்பின மாட்டுக்கு இதில் பாதிதான் கிடைக்கும். உண்ணியால் பரவும் தைலேரியா, பபேசியா காய்ச்சல்கள் சீமை ரத்தம் அதிகமுள்ள மாடுகளைக் கடுமையாகத் தாக்குவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன விஷயம். மாடு தீனி எடுக்காது, காய்ச்சல் அடிக்கும், பபேசியா என்றால் மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

தீவனக் கணக்கும் இருக்கிறது. உடம்பைக் காப்பாற்றவே ஒன்றரை, இரண்டு கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான அளவு. 10 லிட்டர் மாட்டுக்கு அது தினமும் ஆறு கிலோ வரை போகும். பசுந்தீவனம் 20, 25 கிலோ வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருந்து அரை ஏக்கரில் கோ-4, கோ-5 புல் போட்டவருக்கு இது கட்டுப்படியாகும். எல்லாவற்றையும் கடையில் வாங்குபவருக்குப் பால் காசு தவிட்டுக்கும் பிண்ணாக்குக்குமே சரியாகப் போய்விடும். "பால் கறக்குது, ஆனா காசு நிக்கலையே" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஏ1, ஏ2 சண்டையில் எது உண்மை?

பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67ஆவது இடத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2 வகை, ஐரோப்பிய இனங்களில் இரண்டும் கலந்து இருக்கும். ஜெர்சி என்றாலே ஏ1 என்று சொல்வது தவறு. ஏ1 பால் நோய் உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் சொன்னது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் பால் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் உத்தரவிட்டது. சில நாளிலேயே அதைத் திரும்பவும் பெற்றுக்கொண்டது. நாட்டு மாட்டைக் காப்பாற்ற வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு. இந்த ஒன்றைப் பிடித்துத் தொங்க வேண்டிய தேவை இல்லை.

அப்படியென்றால் நாட்டு மாடு என்ன ஆகும்?

2019ஆம் ஆண்டு நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கலப்பின, வெளிநாட்டு மாடுகள் ஐந்து கோடியைத் தாண்டிவிட்டன. முந்தைய கணக்கைவிட 26 சதவீதத்துக்கு மேல் அதிகம். அதே காலத்தில் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்தன. கலப்பினம் முன்வரிசையில் இருக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் இந்தக் கோபம் வெளியே வந்தது. ஜெர்சி ஒரு சதி என்ற அளவுக்குப் பேச்சு போனது. நாட்டு மாட்டைக் கொட்டிலில் இருந்து வெளியேற்றியதில் டிராக்டருக்கும் மினி லாரிக்கும் இருக்கும் பங்கு அதைவிடப் பெரியது. ஏர் பூட்ட வேலை இல்லாத காளையை எத்தனை பேர் தீனி போட்டு வளர்ப்பார்கள்? ஜல்லிக்கட்டில் நாட்டுக் காளைகளுக்கு மட்டுமே அனுமதி என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது புலிக்குளம் போன்ற இனங்களுக்கு ஓரளவு ஆதரவு.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. மலை ஏறி மேய்ந்து வரும் மந்தைகளுக்குக் காடுதான் தீவனக் கிடங்கு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022இல் காட்டில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று மாற்றியது. காட்டைக் காப்பது அவசியம்தான். ஆனால், மேய்ச்சல் இல்லாமல் கட்டிப்போட்டுத் தீனி வாங்கிப் போட வேண்டும் என்றால், இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் கிடைக்காரரையும் கலப்பினத்தின் பக்கம்தான் நிலைமை தள்ளுகிறது.

ஊசி போடும்போது என்ன கேட்க வேண்டும்?

கால்நடை மருந்தகத்தில் இருந்து வருபவரின் கையில் இருக்கும் கலனில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் உறைவிந்துக் குச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றும் கால் மில்லி. அதன் மேலேயே காளையின் இனமும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து நோட்டில் எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். மாட்டின் காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணில் இந்த விவரம் கணினியில் ஏறுகிறதா என்றும் கேட்கலாம்.

கொட்டிலில் நிற்பது ஏற்கெனவே முக்கால் ஜெர்சி என்று தெரிந்தால், தூய ஜெர்சி ஊசியை மறுபடி போடாமல் கலப்பின ஜெர்சிக் காளையின் ஊசி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மாடு நாட்டு ரகம் என்றால், முதல் கலப்புக்கு ஜெர்சி. புலிக்குளம், காங்கேயம் என்று தெளிவாகத் தெரிந்த நல்ல இன மாடாக இருந்தால், அதைக் கலக்காமல் அந்த இனத்தின் ஊசியையே போடுவது மேல். ஒரே காளையின் ஊசியைத் தாய்க்கும் மகளுக்கும் போடக் கூடாது. அதற்குத்தான் அந்த நோட்டு.

காளைக் கன்று பிறந்தால் யாருக்கும் வேண்டாம் என்ற நிலைமைக்குப் பதிலாக, பாலினம் பிரித்த உறைவிந்தும் வந்துவிட்டது. இதில் சுமார் 90 சதவீதம் கிடேரிதான் பிறக்கும். சாதாரண ஊசியைவிடச் சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு என்பதால், முதல் முறை பருவத்துக்கு வரும் ஆரோக்கியமான கிடேரிக்கே இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

நேரமும் முக்கியம். காலையில் கத்த ஆரம்பித்து கண்ணாடி போல வழும்பு விட்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. 21 நாள் கழித்து மறுபடி கத்தினால் சினை நிற்கவில்லை. கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கோடையில் கலப்பின மாடுகள் சத்தமே இல்லாமல் பருவத்துக்கு வந்து போகும். இரண்டு, மூன்று மாதத்தில் டாக்டரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்தகம் தூரம் என்றால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.